கிளியைப் பிடித்துக் குளிப்பாட்டாதீங்க... தண்ணீரை வைத்தால் அதுவே குளிக்கும்!

வேலூர்:

மே மாதம் வந்துவிட்டால் வேலூரில் வெயில் 100 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும். மனிதர்களே ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் கொள்ளும் நேரம் அது. வீட்டுக் கூண்டில் இருக்கும் கிளி வாயைப் பிளந்து கொண்டு இரைப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. 'பாவம், வாயில்லா ஜீவன், அதுக்கும் ஒரு குளியல் போடுவோம்' என்று பக்கெட்டைத் தூக்கி விடுகிறார்கள்.

அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது. பள்ளிக்கூட லீவில் இருக்கும் பிள்ளைகள் கிளியைக் கையில் இறுக்கிப் பிடித்து, குழாய்க்கு அடியில் காட்டி, தலையில் ஷாம்பு போட்டு, அப்புறம் மின்விசிறிக்கு நேராக வைத்துக் காய வைப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் கிளி கூண்டின் மூலையில் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும். மறுநாள் காலையில் எழுந்திருக்காமலும் போகலாம். 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்துச்சு' என்று வீடே அழுவதுதான் மிச்சம்.

குளியல் கிளிக்கு நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைத் தெரிந்து கொண்டால் காசு செலவில்லை, கிளிக்கும் ஆபத்தில்லை.

பச்சைக்கிளியா? முதலில் இதைப் படிங்க

வீட்டில் வளர்ப்பது எந்தக் கிளி என்பது முக்கியம். கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட நம்ம ஊர் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டத்தில் இந்தக் கிளிகள் பாதுகாக்கப்பட்ட பறவைகள். அந்தச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பிறகும் இதில் மாற்றம் இல்லை. ஜெயில் தண்டனை, அபராதம் இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 'குஞ்சிலேயே விழுந்து கிடந்துச்சு, எடுத்து வளர்க்கிறேன்' என்று சொன்னாலும் சட்டம் ஒன்றுதான்.

அப்படி யார் வீட்டிலாவது பச்சைக்கிளி இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே நல்லது. பயந்து போய் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்து விட்டு விடக் கூடாது. கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. இறக்கை வெட்டிய கிளியாக இருந்தால் பூனைக்கோ காக்காய்க்கோதான் இரையாகும்.

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் சின்னக் கிளிகள் ஆஸ்திரேலியா நாட்டுப் பறவைகள். தலையில் கொண்டை வைத்த காக்டெயிலும் அந்த நாடுதான். இவற்றை வளர்க்கத் தடை இல்லை. ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், சன் கானூர் போன்ற வெளிநாட்டுக் கிளிகள் வைத்திருப்போர், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டு வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கீழே சொல்லப்படும் குளியல் முறை இந்த எல்லாக் கிளிகளுக்கும் பொருந்தும்.

கிளிக்கு எதுக்குக் குளியல்?

காட்டில் இருக்கும் கிளி மழையில் நனையும். ஈர இலைகளில் புரளும். குட்டை ஓரத்தில் இறங்கி இறக்கையை அடித்துக் கொள்ளும். அதன் பிறகு மணிக்கணக்கில் உட்கார்ந்து அலகால் ஒவ்வொரு இறகாகக் கோதி விடும். பெரும்பாலான கிளிகளுக்கு வால் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன எண்ணெய் சுரப்பி இருக்கிறது. அதில் அலகைத் தேய்த்து, அந்த எண்ணெயை இறகு முழுக்கத் தடவிக் கொள்ளும். கிளிக்கு சோப்பு, எண்ணெய், சீப்பு எல்லாமே அதன் உடம்பிலேயே இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது தண்ணீர் மட்டும்தான்.

காக்டெயில், ஆப்பிரிக்கன் கிரே போன்ற கிளிகளின் உடம்பில் இருந்து வெள்ளை மாவு போல ஒரு தூசி கொட்டும். இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் டி.வி. மேலேயே அது படிந்திருக்கும். வீட்டில் ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் இருந்தால் இந்தத் தூசி தொல்லை கொடுக்கும். கிளி அடிக்கடி குளித்தால் தூசி குறையும்.

இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் சமயத்திலும் குளியல் உதவும். புது இறகு ஒரு உறைக்குள் ஊசி மாதிரி முளைக்கும். அது கிளிக்கு அரிப்பைக் கொடுக்கும். ஈரம் பட்டால் உறை இளகி, கிளியே அதை உரித்துக் கொள்ளும். நாம் நகத்தால் உரிக்கப் போகக் கூடாது. முளைக்கும் இறகுக்குள் ரத்த ஓட்டம் இருக்கும். ஒடிந்தால் ரத்தம் கொட்டும்.

கையில் பிடித்தால் ஏன் ஆபத்து?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. மனிதனுக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சு விட உதவும் தசைத் திரை ஒன்று உண்டு. பறவைக்கு அது கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. கிளியின் நெஞ்சைச் சுற்றி விரல்களை இறுக்கினால், மூக்கு திறந்திருந்தாலும் காற்று உள்ளே போகாது. 'கடிச்சிரும்' என்ற பயத்தில் பிள்ளைகள் இறுக்கிப் பிடிக்கும்போது கிளிக்கு மூச்சு முட்டிப் போகிறது.

குழாய்க்கு அடியில் காட்டினால் மூக்குத் துவாரத்தில் தண்ணீர் ஏறும். நுரையீரல் வரை போய்விட்டால் பிழைப்பது கஷ்டம்.

இன்னொன்று குளிர். மனிதனின் உடல் சூடு 98.6 டிகிரி என்றால், கிளியின் உடல் சூடு சுமார் 105 டிகிரி. 'லவ் பேர்ட்ஸ்' கிளியின் எடையோ சுமார் 35 கிராம்தான். அந்தச் சின்ன உடம்பின் சூட்டைக் காப்பாற்றுவது இறகுதான். தொப்பலாக நனைந்த இறகு சூட்டைப் பிடித்து வைக்காது. ஈரத்தோடு காற்றும் அடித்தால் நிமிடத்தில் உடம்பு ஜில்லிட்டுப் போகும்.

மூன்று வழி இருக்கு

முதல் வழி தட்டுக் குளியல். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு இதற்கு ரொம்ப நல்லது. கனமாக இருப்பதால் கவிழாது, சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது. சின்னக் கிளிக்கு ஒரு அங்குலத்துக்கும் குறைவாகவே தண்ணீர் ஊற்ற வேண்டும். எவர்சில்வர் தட்டுதான் இருக்கிறது என்றால் உள்ளே நாலைந்து கூழாங்கல்லைப் போட்டு விடலாம். கூண்டின் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி விட வேண்டும். குடிக்கிற தண்ணீர்க் கிண்ணம் தனியாக இருக்கட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்து, தண்ணீரைக் கொட்டிக் கழுவி வைக்க வேண்டும். அப்படியே விட்டால் அதிலேயே எச்சம் போட்டு, அதையே குடிக்கும்.

இரண்டாவது ஸ்பிரே குளியல். துணி இஸ்திரி போடும்போது தெளிக்கும் பாட்டில் மாதிரி ஒன்று போதும். ஆனால் புது பாட்டிலாக இருக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் திரவம், பூச்சி மருந்து, தலைச்சாயம் இருந்த பழைய பாட்டிலை எத்தனை தடவை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. கிளியின் முகத்துக்கு நேராகப் பீய்ச்சாமல், அதன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தெளித்தால் தூறல் மாதிரி விழும். கிளி இறக்கையை விரித்து, உடம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் அதற்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இறகை உடம்போடு ஒட்டிக் கொண்டு மூலைக்கு ஓடினால், கத்தினால், உடனே நிறுத்தி விட வேண்டும்.

மூன்றாவது இலைக் குளியல். 'லவ் பேர்ட்ஸ்' வகைக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். ஒரு கட்டு கொத்தமல்லி அல்லது கீரையை நன்றாக மூன்று தண்ணீரில் அலசி, ஈரம் சொட்டச் சொட்ட கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்க விட்டால் போதும். கிளி அதற்குள் புகுந்து உரசி உரசிக் குளிக்கும். கொஞ்சம் தின்னவும் செய்யும். அதனால் பூச்சி மருந்து போக அலசுவது முக்கியம். வாசலில் இருக்கிறதே என்று அரளி இலையைக் கட்டி விடக் கூடாது. அது விஷம்.

புதிதாக வாங்கி வந்த கிளி முதல் நாளே குளிக்காது. தட்டைக் கண்டே பயப்படும். தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் வைத்து, விரலால் லேசாக அளைந்து காட்டினால் ஒரு வாரம், பத்து நாளில் பழகிக் கொள்ளும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே சில கிளிகளுக்குக் குளிக்கும் ஆசை வந்து விடும். அவசரம் மட்டும் கூடாது.

எந்த நேரம்? என்ன தண்ணீர்?

காலை 8 மணியில் இருந்து 11 மணிக்குள் குளிப்பது நல்லது. எப்படியும் பொழுது சாய்வதற்குள் இறகு முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். ஈர இறகோடு கிளி தூங்கப் போகக் கூடாது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும். வெயில் காலத்தில் விருப்பப்பட்டால் தினமும் குளிக்கட்டும். மழைக் காலத்திலும் மார்கழிக் குளிரிலும் வாரம் ஒரு முறை, அதுவும் வெயில் வந்த பிறகு.

தண்ணீர் சாதாரண சூட்டில் இருந்தால் போதும். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பிரிஜ் தண்ணீர், ஐஸ் கட்டி போடுவது தவறு. அதேபோல மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரிலும் கவனம் வேண்டும். மே மாத மதியத்தில் அந்தத் தண்ணீர் கையைச் சுடும். குடத்தில் பிடித்து வைத்து ஆறிய தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பார்த்து, சுடவும் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது என்றால் அதை வைக்கலாம். வீட்டில் ஆட்கள் குடிக்கிற தண்ணீர்தான் கிளிக்கும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

சோப்பு, ஷாம்பு, சீயக்காய் மூன்றும் கிளிக்கு ஆகாது. இறகில் இருக்கும் எண்ணெயை அடித்துக் கொண்டு போய்விடும். கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மனிதனோடு நிற்கட்டும். பளபளப்பாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினால் இறகு ஒட்டிக் கொண்டு, காற்றுப் புகாமல், சூடு காக்கும் சக்தி போய்விடும். லேசில் அது போகவும் போகாது.

பேன், செல் பிடித்திருக்கிறது என்று மனிதர்களுக்கான பேன் மருந்து, மண்ணெண்ணெய், கற்பூரத் தண்ணீர் தெளிப்பது உயிருக்கே உலை. கூண்டில் அந்துருண்டை கட்டித் தொங்க விடுவதும் அப்படித்தான். உண்மையிலேயே பேன் இருக்கிறதா, இல்லை இறகு உதிரும் அரிப்பா என்பதை கால்நடை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

காய வைப்பதில்தான் கண்டம்

குளித்து முடித்த கிளியைக் காற்று நேராக அடிக்காத, வெளிச்சமான இடத்தில் வைத்தால் தானே உலரும். கூண்டின் பாதி மேல் இளவெயில் பட்டு, மீதிப் பாதி நிழலாக இருந்தால் இன்னும் நல்லது. சூடு அதிகமானால் கிளி நிழலுக்கு நகர்ந்து கொள்ளும். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் கூண்டை வைத்துவிட்டு சமையல் வேலைக்குப் போய்விட்டால் திரும்பி வரும்போது கிளி இருக்காது. காக்காயும் பூனையும் வேறு காத்துக் கொண்டிருக்கும்.

தலைமுடி காய வைக்கும் டிரையர் வேண்டாம். அதன் சூட்டில் தோல் வெந்து விடும். சில டிரையர்களின் உள் பாகத்தில் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே பூச்சு இருக்கிறது. அது அதிகமாகச் சூடேறினால் வரும் புகை மனிதனுக்குப் பெரிதாகத் தெரியாது. கிளியை நிமிடங்களில் கொன்று விடும். சமையல் அறைக்குப் பக்கத்தில் கூண்டை மாட்டியிருப்போர் இதைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டுவது போல கிளிக்கும் காட்டுவோர் உண்டு. கூடவே கூடாது. கிளியின் மூச்சுப் பைகள் உடம்பு முழுக்கப் பரவி இருப்பதால் புகை அதை நம்மைவிட வேகமாகத் தாக்கும். கொசுவர்த்தி, ஊதுபத்தி, பீடி, சிகரெட் புகைக்கும் இதே கதிதான். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் கிளி வளர்ப்போர், புகையிலைத் தூள் ஒட்டிய கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே கிளியையும் அதன் தட்டையும் தொட வேண்டும்.

கூண்டைத் திறந்து விட்டு அறையில் குளிக்க விடுவோர் முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். கதவு, ஜன்னலைச் சாத்த வேண்டும். அடுப்பில் கொதிக்கும் பாத்திரம் இருந்தால் மூட வேண்டும். தண்ணீர் தட்டுப்பாட்டுக்குப் பயந்து வீடு முழுக்க டிரம், பக்கெட், குடம் நிரப்பி வைக்கும் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மூடி போட வேண்டும். ஆழமான பக்கெட்டில் விழுந்த கிளியால் வழுக்கும் சுவரைப் பிடித்து ஏறி வர முடியாது. சத்தம் கூட கேட்காது.

எந்தக் கிளிக்குக் குளியல் கூடாது?

இறகை உப்பிக் கொண்டு பகலிலும் தூங்கி வழிவது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, மூக்கில் சளி, தீனி எடுக்காமை, கம்பியில் உட்காராமல் தரையிலேயே கிடப்பது. இதில் எது இருந்தாலும் குளியல் வேண்டாம். கூண்டை துணியால் மூன்று பக்கம் மூடி, கதகதப்பாக வைத்து உடனே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். பறவைகள் நோயைக் கடைசி வரை வெளியே காட்டாது. நமக்குத் தெரிகிறது என்றால் ஏற்கனவே முற்றி விட்டது என்று அர்த்தம். 'நாளைக்குப் பார்ப்போம்' என்பது சில நேரம் பலிக்காது.

இறகு முளைக்காத குஞ்சு, முட்டையில் உட்கார்ந்திருக்கும் தாய் ஆகியவற்றின் மேலும் தண்ணீர் தெளிக்கக் கூடாது.

வெயிலில் சுருண்டு விட்டால்...

கிளி வாயைப் பிளந்து இரைத்து, இறக்கைகளை உடம்பில் இருந்து விலக்கி வைத்திருந்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே நிழலான, காற்றோட்டமான அறைக்கு மாற்ற வேண்டும். சாதாரண தண்ணீரில் நனைத்த துணியால் கால்களையும் இறக்கையின் அடிப் பக்கத்தையும் ஒற்றி விடலாம். ஐஸ் தண்ணீரை மேலே கொட்டக் கூடாது. மயங்கிக் கிடக்கும் கிளியின் வாயைத் திறந்து தண்ணீர் புகட்டவும் கூடாது, புரை ஏறி விடும். நிமிர்ந்து உட்கார்ந்தால் பக்கத்தில் தண்ணீர் வைத்தால் போதும். பிறகு தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

அரசு கால்நடை மருத்துவமனைகளில் ஆடு, மாடு, நாய் மட்டும்தான் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பறவைகளையும் கொண்டு போகலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கொண்டு போகும்போது சிறு கூண்டில் அல்லது காற்று ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, வெயில் படாமல் கொண்டு போக வேண்டும். டாக்டர் எச்சத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் கூண்டின் அடித் தாளை எடுத்து எறியாமல் போவது நல்லது.

குளிப்பாட்டியவரும் கை கழுவணும்

கிளியிடம் இருந்து மனிதனுக்குத் தொற்றும் நோய் ஒன்று உண்டு. அதற்குப் பெயரே கிளிக் காய்ச்சல்தான். காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் காற்றில் பறந்து மூக்கில் ஏறினால் இது வரும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், சமயத்தில் நிமோனியா வரை போகும். மருந்து உண்டு, குணமாகும். ஆனால் டாக்டரிடம் போகும்போது 'வீட்டில் கிளி இருக்கு' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண சளி என்று நினைத்து விடுவார்கள்.

இதைத் தவிர்ப்பது சுலபம். கூண்டின் எச்சத்தைக் காய்ந்தபடியே சுரண்டாமல், தண்ணீர் தெளித்து ஊற வைத்துத் துடைக்க வேண்டும். மூக்கில் துணி கட்டிக் கொள்ளலாம். கிளியின் குளியல் தட்டை சாப்பாட்டுப் பாத்திரங்களோடு போட்டுத் தேய்க்கக் கூடாது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், கைக்குழந்தைகளை கூண்டு சுத்தம் செய்யும் இடத்தில் இருந்து தள்ளி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கிளிக்கு வேண்டாத சோப்பு நமக்குக் கண்டிப்பாக வேண்டும்.

லீவு நாளில் பிள்ளைகள் ஆசைப்பட்டால், கிளியைக் கையில் கொடுப்பதற்குப் பதில் தண்ணீர்த் தட்டைக் கையில் கொடுத்து கூண்டில் வைக்கச் சொல்லலாம். நாலு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் போதும். கிளி தலையை முக்கி, இறக்கையை அடித்து, வீடெல்லாம் தெளித்துக் குளிப்பதே நல்ல வேடிக்கைதான்.